இரண்டாவது டின்

மேரு ரோட்டில் பாதித் தூரம் நடந்த பிறகுதான் காற்சட்டைப் பையில் சங்கத்துச் சாவி இருப்பது தெரிந்தது. திரும்பிப் போகவில்லை. அந்தக் கதவுக்கு இன்னும் மூன்று சாவிகள் இருந்தன. ஒன்று அக்காவின் கைப்பையில், ஒன்று பக்கத்துச் சீனர் மருந்துக் கடையில், ஒன்று ஒரு மணி நேர பஸ் தூரத்தில், பிரிக்பீல்ட்ஸில் அக்காவின் தங்கை வீட்டில். என்னுடையது தொலைந்தால் கிள்ளானில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. அந்த நினைப்பே எரிச்சலை இன்னும் கூட்டியது. ஒரு பூட்டுக்கு நான்கு சாவி செய்கிற பெண்மணி அந்த ஒரு நாள் மட்டும் ஏன் அப்படிச் செய்தார்?

வெள்ளம் வடிந்து எட்டு நாளாகியும் ரோட்டோரப் புல்லில் சேறு காயவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

அக்கா என்று நான் கூப்பிட்ட அவர், தோட்டத்து ஆட்களுக்காக இருந்த அந்தச் சங்கத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். எண்பதுகளின் கடைசிப் பகுதி அது. ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் சங்கம் இருந்தது. மேருவைத் தாண்டியிருந்த ரப்பர்த் தோட்டம் ஒன்று வீடு கட்டுகிறவர்களுக்கு விற்கப்பட்டபோது, தோட்டத்து ஆஸ்பத்திரியின் பிரசவப் புத்தகங்களைச் சங்கம் நான்கு மாதத்துக்கு இரவல் வாங்கியது. யார் வயிற்றில் யார், எந்த லயத்தில், எந்தத் தேதியில் பிறந்தார்கள் என்று ஆஸ்பத்திரியைக் கவனித்த டிரெஸ்ஸர்மார்கள் எழுதி வைத்த தடித்த புத்தகங்கள். பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்ட குடும்பங்கள் அங்கே ஏராளம். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற அடையாள அட்டையான சிவப்பு ஐ.சி.யோடு அலைந்தார்கள். குடிமக்களுக்கான நீல ஐ.சி.க்கு மனுப்போட, இன்னார் இந்த மண்ணில் பிறந்தார் என்று காட்ட ஒரு துண்டு ஆதாரமாவது வேண்டும். அந்தப் புத்தகங்களில் அது இருந்தது. போட்டோஸ்டேட் எடுக்க விரித்தால் தையல் விட்டுப் பக்கம் உதிர்ந்தது. அதனால் அக்கா ஒவ்வொரு வரியாகப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடித்தார். புத்தகங்கள் திரும்பிப் போயின. ஆஸ்பத்திரிக் கட்டடத்தை இடித்தபோது அவையும் குப்பையோடு போனதாகக் கேள்விப்பட்டோம்.

மிஞ்சியது பதினெட்டு டிஸ்க். கறுப்பாக, சதுரமாக, அப்பளம் போல் வளைகிறவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல். ஒரு செட் ஒரு பிஸ்கட் டின்னில் கிள்ளானில் இருக்கும், மற்றது இன்னொரு பிஸ்கட் டின்னில் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும்.

பதினோராம் டிஸ்கில் ஒரு வரி என்னுடையது.

அதைத் தேடித்தான் நான் முதலில் அங்கே போனேன். அப்போது எனக்கு முப்பதோ முப்பத்தொன்றோ. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்து, பஸ் கண்டக்டர், மீன் மார்க்கெட், பூச்சோங்கில் பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் மணல் அள்ளுவது, லோரி என்று சுற்றியாகிவிட்டது. அக்கா என் அம்மாவின் பெயரைக் கேட்டார், தட்டினார், திரையைத் திருப்பிக் காட்டினார். பச்சை எழுத்தில் அம்மா பெயர், அப்பா பெயர், லயத்து நம்பர், ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு தேதி, ‘ஆண்’. பிள்ளையின் பெயர் இல்லை. பிறந்த அன்றைக்கு எனக்குப் பெயர் வைத்திருக்கமாட்டார்கள். அந்த வரியை மூன்று முறை வாசித்தேன்.

“இத அடிச்சிக் குடுங்கக்கா, போய்ட்றேன்” என்றேன்.

“பிரிண்டர் இல்ல தம்பி. தலைவர் கடையில இருக்கு.”

சங்கத் தலைவருக்குக் கிள்ளானில் ஜவுளிக் கடை. பிரிண்டர் அங்கே பில் அடித்துக்கொண்டிருந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை கொண்டுவருவார். அப்போது வரிசைப்படி ஆளுக்கொரு தாள் அடித்து, முத்திரை வைத்துக் கொடுப்பார்கள். வரிசை நீளம், என் முறை வர ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற நேரத்தில் வேலை இருக்கிறதா என்று கேட்டேன். சனிக்கிழமைதோறும் கிள்ளான் டின்னை பிரிக்பீல்ட்ஸுக்குக் கொண்டுபோய், அங்கே இருக்கும் டின்னை எடுத்துவரும் வேலை கிடைத்தது. மற்ற நாளில் கூட்டுவேன், தேநீர் வாங்கி வருவேன்.

முதல் சனிக்கிழமை டின்னைக் கையில் கொடுக்குமுன் அக்கா அரை மணி நேரம் பேசினார். “பஸ்ஸில எஞ்சின் பக்கத்தில உக்காராத, சூடு. கேசட்டு போடறவன் ஸ்பீக்கர் இருக்கும், அதுகிட்ட வைக்காத, காந்தம். மடியில வச்சுக்க. வெயில்ல நடந்தா துண்டு போட்டு மூடு. தூங்கிடாத.”

“குழந்தைய கொண்டு போற மாதிரி சொல்றீங்க.”

“குழந்தைங்கதானே உள்ள இருக்கு?” என்றார். சிரிக்கவில்லை.

திரும்பி வந்ததும் டின்னை வாங்கி உடனே அலமாரியில் வைக்கமாட்டார். ஏதாவது ஒரு டிஸ்கை உருவிக் கம்ப்யூட்டரில் போட்டு, வரி தெரிகிற வரைக்கும் என்னை நிற்க வைப்பார். “இருக்குன்னு சொல்றது வேற. தொறக்குதுங்கறது வேற.”

யார் எதைக் காட்டினாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “இன்னொன்னு எங்க இருக்கு?” மகளின் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்த பெண்ணிடம் கேட்பார். நிலப் பத்திரத்தை உறையிலிருந்து எடுத்த கிழவரிடம் கேட்பார். கிழவர் பயந்துபோய், “இன்னொரு நிலம் இல்லம்மா” என்றார். அக்காவின் இரண்டு மூக்குக் கண்ணாடியில் ஒன்று அவர் மூக்கில், ஒன்று மருந்துக் கடைக்காரரிடம். அந்தச் சீனர் எங்களைக் கண்டால் தன் கண்ணைச் சுட்டிக் காட்டிச் சிரிப்பார்.

ஈப்போவுக்குக் கல்யாணத்துக்குப் போனால் அவரும் வீட்டுக்காரரும் வேறு வேறு பஸ். எட்டு மணி பஸ்ஸில் அவர் ஒரு பிள்ளையோடு ஏறுவார். எட்டரைக்கு வீட்டுக்காரர் மற்றதோடு. அந்த மனிதர் சாதுவானவர், போர்ட் கிள்ளானில் வேலை. ஒருநாள் சங்கத்து வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: “கல்யாணத்தன்னைக்கு மட்டுந்தான் ரெண்டு பேரும் ஒரே கார்ல போனோம் லா. அன்னைக்கும் அவ தங்கச்சி இன்னொரு தாலியோட பின்னால வேற கார்ல வந்துச்சு.”

உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தார். “அந்தத் தாலிய யாரு இப்ப பத்திரமா வச்சிருக்கான்னு கேளு தம்பி.”

ஏன் இப்படி ஆனார் என்று தெரியவில்லை. லயத்தில் தீப்பிடித்து அப்பாவின் காகிதமெல்லாம் எரிந்துபோனதாக என்னிடம் சொன்னார். தலைவரிடம் வெள்ளம் என்று சொல்லியிருந்தார். பிரிக்பீல்ட்ஸ் தங்கையிடம் கேட்டேன். ரயில்வே குவார்ட்டர்ஸ் சமையலறையில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அவர், “தீயா? எங்க வீட்ல கறையான்தான்ணே” என்றார். காரணத்தைக்கூட மூன்று இடத்தில் வைத்திருந்தார்.

இரண்டாவது டின்னைத் தன் வீட்டில் வைக்கலாமே, பஸ் செலவு மிச்சம் என்று தலைவர் ஒருமுறை சொன்னார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “உங்க வீடும் ஆத்தங்கரை. இங்க தண்ணி வந்தா அங்கயும் வரும். ஒரே மழை ரெண்டு டின்லயும் பெய்யக் கூடாது.”

எனக்கு வாய் சும்மா இருக்காது. “அக்கா, பிரிக்பீல்ட்ஸ் பின்னால ஓடறதும் இந்த ஆறுதான். அங்கேருந்துதான் இங்க வருது” என்றேன். ஊர் சுற்றியதில் தெரிந்துகொண்டது அது. அக்கா என்னையே பார்த்தார். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் தங்கைக்குப் போன் போட்டு, டின்னை அலமாரியின் மேல்தட்டில், அரிசி மூட்டைக்கும் மேலே வைக்கச் சொன்னார். அதன் பிறகு என்னைக் கொஞ்சம் மரியாதையாக நடத்தினார் என்று நினைக்கிறேன்.

மேல்தட்டில்தான் வினை வந்தது. சமையலறை ஆவி. பத்து மாதம் கழித்து நான் கொண்டுவந்த டின்னில் மூன்று டிஸ்கில் வெள்ளையாகப் பூஞ்சை. அக்கா மற்ற செட்டிலிருந்து அவற்றைப் புதிதாக எடுத்துக்கொண்டார். எதுவும் போகவில்லை. இரண்டு வைத்திருப்பதே அதற்குத்தானே. ஆனால் அவர் முகம் சரியாகவில்லை.

“போன வருஷம் சரஸ்வதி பூசைக்கு இந்த டின்ன வைக்கல” என்றார்.

“அது பிரிக்பீல்ட்ஸ்ல இருந்துச்சு.”

“அதான் சொல்றேன். இங்க இருந்தது நல்லா இருக்கு. அங்க இருந்தது பூத்துப் போச்சு.”

“சமையல் ஆவிக்கா.”

“ஆவின்னு எனக்கும் தெரியும்” என்று எரிந்து விழுந்தார்.

பூசைக்கு முந்திய சனிக்கிழமை, நான் போகக் கிளம்பும்போது கிள்ளான் டின்னை என் கையில் கொடுக்கவில்லை. “வெறுங்கையோட போ. அங்க இருக்கறத எடுத்துக்கிட்டு வா. ரெண்டும் ஒரு நாள் அம்மா முன்னால இருக்கட்டும். விஜயதசமி முடிஞ்சதும் நீயே கொண்டு போ.”

அன்று அவரைக் கேட்டிருக்க வேண்டும். அவருடைய கேள்வியையே அவரிடம் திருப்பிக் கேட்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். கேட்கவில்லை. ஒரு பக்கம் வெறுங்கையோடு போவதில் சந்தோஷம். வழியெல்லாம் பஸ்ஸில் தூங்கலாம். இன்னொரு பக்கம், எனக்கும் அந்தப் பூசையில் ஒரு காரியம் இருந்தது.

பூசை அன்று தலைவர் தேங்காய் உடைத்தார். படத்துக்கு முன்னால் தரையில் பலகை போட்டு, பேரேடுகள், பேனாக்கள், முத்திரை, அக்காவின் கத்தரிக்கோல் எல்லாம் வைத்தார்கள். கம்ப்யூட்டர் மேசையிலேயே இருந்தது. அதன் நெற்றியில் சந்தனம் வைத்தார்கள். டின்கள் இரண்டையும் அலமாரியின் உச்சியிலிருந்து இறக்கிப் பலகையில் வைத்து, மூடியைத் திறந்தார்கள். மூடியிருந்தால் அம்மா பார்வை படாது என்று தலைவர் சொன்னார். அக்கா அதற்கும் தலையசைத்தார்.

“என் டிஸ்க மேல வைங்கக்கா” என்றேன்.

அவர் இரண்டு டின்னிலும் பதினொன்றை உருவி எடுத்து மேலே வைத்தார். குங்குமமும் பூவும் அதன்மேல்தான் விழுந்தன. தீபாவளி முடிந்து பிரிண்டர் வந்ததும் முதல் தாள் உன்னுடையதுதான் என்றார். நான் விழுந்து கும்பிட்டேன். பொதுவாகக் கும்பிடுகிற ஆள் இல்லை.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. ஐந்து மணிக்கு வாசல் சாக்கடை நிரம்பி நடைபாதையைத் தொட்டது. நான் டின்களைப் பார்த்தேன். “மேல தூக்கி வச்சிடவா?” என்று கேட்டேன்.

“பூசையில வச்சத காலைல வரைக்கும் அசைக்கக் கூடாது தம்பி” என்றார் தலைவர். “இந்தத் தெருவுக்குத் தண்ணி ஏறினதே கெடையாது. பயப்படாத லா.”

அக்கா வாசலில் நின்று தண்ணீரைப் பார்த்தார், பிறகு பலகையைப் பார்த்தார். குடையை விரித்தார், மடக்கினார். மறுபடி விரித்தார். “ஒரு நாள்தானே” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனார்.

அன்று கடல் ஏற்றம். ஆறு வெளியே போக முடியாமல் ஊருக்குள் திரும்பியது. காலையில் நாங்கள் கதவைத் திறந்தபோது முழங்காலளவு சேற்றுத் தண்ணீர் உள்ளே நின்றது. ராத்திரி மேசையின் இழுப்பறை வரை ஏறியிருந்த அடையாளம் சுவரில் தெரிந்தது. கம்ப்யூட்டர் நனையவே இல்லை. நெற்றிச் சந்தனம் அப்படியே இருந்தது. அலமாரியின் உச்சியில் தூசிகூட நனையவில்லை. பலகை மிதந்துபோய் வாசல் பக்கம் கிடந்தது. டிஸ்குகள் அறை முழுக்கச் சிதறிக் கிடந்தன.

அக்கா அழவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு பொறுக்கினார். எண்ணினார். முப்பத்தாறும் கிடைத்தன. பிறகு என்னைப் பெட்ரோல் கடைக்கு அனுப்பி, காருக்கு ஊற்றுகிற பேட்டரித் தண்ணீர் பத்துப் பாட்டில் வாங்கிவரச் சொன்னார். அதில் உப்பும் அழுக்கும் இருக்காதாம். ஒவ்வொரு டிஸ்கின் உறையையும் விளிம்பில் கத்தரித்து, உள்ளே இருக்கும் மெல்லிய வட்டத்தை எடுத்து, பேட்டரித் தண்ணீரில் அலசி, துணி கிளிப்பில் மாட்டிக் கயிற்றில் காயவிட்டார். விரல் நுனி ஓரத்தில் மட்டும் படும். புது டிஸ்க் ஒன்றின் உறைக்குள் அந்த வட்டத்தை நுழைத்து, கம்ப்யூட்டரில் போட்டு, திறந்தால் உடனே வேறொன்றில் நகல் எடுத்துக்கொண்டார். ஐந்து நாள். சாப்பாடு வந்தால் ஆறிப்போகும். அப்போது அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரைப் போல் பொறுமையாக வேலை செய்கிற ஒருவரை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை.

ஒரு நம்பர் கிள்ளான் டின்னில் போயிருந்தால் பிரிக்பீல்ட்ஸ் டின்னில் திறந்தது. பதினெட்டில் பதினேழு நம்பர் வந்துவிட்டது. பதினொன்று மட்டும் வரவில்லை. மேலே இருந்த இரண்டும் முதலில் மிதந்து போனவை. குங்குமமும் சேறும் குழைந்து நடு ஓட்டை வழியாக உள்ளே புகுந்து, இரண்டு வட்டத்திலும் சிவப்பாக ஒட்டியிருந்தது. எத்தனை தடவை அலசினாலும் கம்ப்யூட்டர் கரகரவென்று அரைத்துவிட்டு, படிக்க முடியவில்லை என்று காட்டியது.

எட்டாம் நாள் காலை நான் அவர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “அக்கா, என் வரி எனக்கு மனப்பாடம். சொல்றேன், அடிங்க.”

சொன்னேன். அம்மா பெயர், அப்பா பெயர், லயத்து நம்பர், தேதி, ஆண். அவர் விரல்கள் கீபோர்டின்மேல் இருந்தன. ஒரு எழுத்தும் அடிக்கவில்லை.

“சரியாத்தான் இருக்கும் தம்பி.”

“அப்ப அடிங்க.”

“எதப் பாத்து அடிச்சேன்னு போடறது?”

“புத்தகத்தப் பாத்துன்னு போடுங்க. நீங்கதானே பாத்து அடிச்சீங்க!”

“பாத்தேன். அவ்வளவு வரியில உன் வரி எனக்கு ஞாபகம் இல்ல. இப்ப நீ சொல்லித்தான் கேக்கறேன்.”

“நான் பொய் சொல்றேன்றீங்களா?”

“இல்ல. ஆனா பதினொன்னுல இருக்கற மத்தவங்களும் வருவாங்க. அவங்களும் சொல்லுவாங்க. எல்லாத்தையும் நான் அடிச்சா, ஐ.சி. ஆபீஸ்ல ஒருத்தன் ஒரு தப்பக் கண்டுபிடிச்சாப் போதும். தொறந்த பதினேழும் குப்பையாயிரும். அதுல எத்தன பேரு இருக்காங்க?”

எனக்குக் கோபம்தான் வந்தது. “அந்த டின்ன ஒரு நாள் அங்கயே விட்டிருந்தா?” என்று கேட்டேன்.

ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அம்மா விருப்பம் என்றோ, தலைவர் பேச்சைக் கேட்டேன் என்றோ, நீதானே மேலே வைக்கச் சொன்னாய் என்றோ. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“விட்டிருந்தா இருந்திருக்கும்” என்றார்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். “நீ சொன்னத உன் கையால எழுதிக் குடு. வாய்மொழின்னு போட்டுத் தனியா ஒரு டின்ல வைக்கறேன். யாராவது ஏத்துக்கலாம்.”

“ரெண்டு காப்பி எழுதவா?” என்று நக்கலாகக் கேட்டேன்.

“ஆமா” என்றார், நிஜமாகவே. இன்னொரு தாளையும் எடுத்து வைத்தார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். இரண்டு தாளும் மேசையில் வெறுமையாகக் கிடந்தன. பின்னால் கூப்பிட்டார், தம்பி, தம்பி என்று இரண்டு தரம். மருந்துக் கடைக்காரர் தன் கண்ணைச் சுட்டிக் காட்டிச் சிரித்தார். அவரையும் முறைத்துவிட்டு நடந்தேன்.

நடக்க நடக்க எனக்குள் வழக்காடிக்கொண்டே போனேன். அவர் செய்தது சரி. நான் கேட்டதும் பொய்யில்லை. இரண்டும் சரியாக இருந்து என்ன பயன்? அவரை ஏமாற்றுக்காரி என்று திட்ட முடிந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அதற்கும் அவர் இடம் கொடுக்கவில்லை. அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று இப்போதும் தெரியவில்லை.

அன்று ராத்திரி மேருவில், லோரி நாளில் பழகிய ஒருவன் அறையில் படுத்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவன் என்னை ஓடு செய்கிற பேக்டரி வாசலுக்குக் கூட்டிப் போனான். அங்கே ஆள் எடுக்கிற காண்டிராக்டர் ஒருவர் காப்பிக் கடை மேசையில் நோட்டை விரித்து வைத்திருந்தார்.

“ஐ.சி. குடுங்க. ஓ, சிவப்பா? பெர்மிட் இல்லாம உள்ள எடுக்க மாட்டான்ணே. வெளிய லோரி ஏத்தற வேலதான்.”

“சரிங்க.”

கார்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து எழுதினார். நான் எந்த நாளில் பிறந்தேன் என்று கார்டு செய்த காலத்தில் யாருக்கும் தெரியாததால், ஒரு குமாஸ்தா ஜனவரி ஒன்று என்று போட்டிருந்தார்.

“ஜனவரி ஒண்ணா?” காண்டிராக்டர் சிரித்தார். “என் நோட்டில பாதிப் பேரு அன்னைக்குத்தான்ணே பொறந்திருக்கீங்க. சேந்து ஒரு கேக் வெட்டலாம் லா.”

சரியான தேதி நாக்கு நுனிவரை வந்தது. அவர் அதற்குள் எழுதி முடித்து, கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஏழரைக்கு முதல் லோரி பின்வாங்கி வந்து நின்றது. ஒரு பெட்டி ஓட்டுக்கு இரண்டு ஆள். நான் பெட்டியின் பின்பக்கத்தைப் பிடித்தேன்.